புகையிலைத் தண்ணி

உக்காருங்க தம்பி. கட்டில்லயே உக்காருங்க, கயிறு இப்பத்தான் மாத்துனது, தாங்கும். கள்ளிமந்தயத்துல இருந்து வண்டியிலயேவா வந்தீங்க, இந்த வெயில்ல? ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டிருந்தாலும் நான் எடுத்திருக்க மாட்டேன், அது வேற விசயம். முதல்ல தண்ணி குடிங்க.

ஆமா, நாச்சிமுத்து நான்தான். புகையிலைத் தண்ணி நாச்சிமுத்துன்னு கேட்டாத்தான் இந்தப் பக்கம் ஆளுங்க வழி சொல்வாங்க. நீங்க எங்க கேட்டீங்க? முக்குல இருக்கற மருந்துக்கடையிலயா? பூச்சிமருந்து டப்பாவா அடுக்கி வெச்சிருக்குமே, அந்தக் கடையா? சரியாப் போச்சு. அங்க உக்காந்திருந்தானே மீசைக்காரன், அவன் என் மச்சினன், சென்னியப்பன். என் வீட்டுக்காரிக்குக் கூடப் பொறந்த தம்பி. என்ன சொன்னான்? பரவால்ல, சொல்லுங்க, நான் கோவிச்சுக்கற ஆளில்ல. "அந்தக் கொலகாரன்கிட்ட உங்களுக்கு என்ன வேலை"ன்னுதானே கேட்டான்?

எனக்குத் தெரியும். மூணு வருசமா அவனுக்கு அதுதான் பேச்சு. கல்யாண வீட்டுல நான் உக்காந்த பந்தியில அவன் உக்கார மாட்டான். எழவு வீட்டுல நான் ஒரு பக்கம் நின்னா அவன் மறுபக்கம் போயிருவான். சொல்றவன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு பாருங்க. கடை பூராவும் விஷம். மண்டையோட்டுப் படம் போட்டு விக்கறவன் என்னையப் பாத்துக் கொலகாரன்கிறான். மாமியா ஒடைச்சா மண்கொடம், மருமக ஒடைச்சா பொன்கொடம்கற கதைதான்.

உங்க விசயத்துக்கு வர்றேன். அவரைப் பந்தல்ல அசுவினி, அப்படித்தானே? கறுப்புக் கறுப்பாப் பூக்காம்பைச் சுத்திப் புடிச்சுக்கிட்டுச் சாறை உறிஞ்சுது, பூவெல்லாம் பிசுபிசுன்னு ஆகி உதுந்து போகுது. கடை மருந்து அடிச்சு அடிச்சுச் சலிச்சுப் போச்சு. எவனோ போன்ல அனுப்புன படத்துல நான் பேசறதைப் பாத்தீங்க, கெளம்பி வந்துட்டீங்க. பச்சைப் பொன்னாடை போத்திக்கிட்டு மைக்கு முன்னால நிக்கறேனே, அந்தப் படம்தானே? அது இன்னுமா சுத்திக்கிட்டிருக்குது.

பக்குவம் சொல்லித் தர்றேன், இல்லைங்கல. ஆனா அவன் சொன்னதைக் காதுல வாங்கிட்டுத்தானே வந்திருக்கீங்க. என் பக்கத்தையும் கேட்டுட்டுப் போங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு.

வேடசந்தூர் ரோட்டுல ஒரு புகையிலைக் கிடங்கு இருக்குது. இலையை உருவிக்கிட்டு, காம்பு, நரம்பு, தூளு எல்லாத்தையும் பின்னால குப்பையாக் கொட்டிருவாங்க. மழை பேஞ்சா அதுல இருந்து செவப்பாத் தண்ணி ஓடும். அந்தத் தண்ணி ஓடுன எடத்துல ஒரு எறும்பைப் பாக்க முடியாது. அதைப் பாத்து நான்தான் இந்த மருந்தைக் கண்டுபுடிச்சேன். பாத்ததுன்னா, அவ பாத்தது. மைனா. என் வீட்டுக்காரி பேரு மைனாவதி. அந்தக் கிடங்குக்கு ஒரு சீசன் காம்பு உருவற வேலைக்குப் போயிட்டிருந்தா. வந்து சொன்னா, "ஏனுங்க, அந்தக் குப்பைகிட்ட எறும்பே வர்றதில்லைங்க, நம்ம பந்தலுக்கு அடிச்சுப் பாப்பமா"ன்னு. அவ சும்மா பேச்சுக்குச் சொன்னா. நாலு பேருக்கு எடுத்துச் சொல்லி அதை ஒரு மருந்தா ஆக்குனது நான்.

காசு குடுத்து வாங்கற சரக்கு இல்ல பாருங்க. குப்பை. சாக்குல அள்ளிட்டு வந்து தொட்டியில ஊறப்போட்டு, மறுநா கையால நல்லாப் பெசையணும். பெசையறதுலதான் சூட்சுமம் இருக்குது. சாறெல்லாம் எறங்கி, காப்பி டிக்காசனாட்டம் ஆகும். வேட்டித் துணியில வடிகட்டி, சோப்பைச் சீவிக் கரைச்சு ஊத்தணும், அப்பத்தான் இலையில ஒட்டும். மைனாவுக்கு முழங்கை வரைக்கும் செவந்து கெடக்கும். மருதாணி வெச்ச கல்யாணப் பொண்ணுன்னு கேலி பண்ணுவேன். கூட்டத்துல பேசறப்ப, நான் பெசைவேன், நான் வடிப்பேன், நான் அடிப்பேன்னு சொல்லுவேன். மேடையில அப்படித்தானே பேச முடியும்? அவளைப் பேசச் சொன்னா முந்தானையில மூஞ்சிய மூடிக்குவா.

மருந்து கேட்டுச்சா? கேட்டுச்சு தம்பி. அதுல மட்டும் ஒரு பொய்யும் கெடையாது. அடிச்ச ஒரு மணி நேரத்துல அசுவினி பொலபொலன்னு கொட்டும். பந்தலுக்குக் கீழ எள்ளு கொட்டுனாப்புல கறுப்பாக் கெடக்கும். சென்னியப்பன் ஒருநா வந்து பாத்துட்டு, "மாமா, அசுவினிக்கு வெத்தலபாக்கு மடிச்சுக் குடுத்துட்டிருக்கீங்களா"ன்னு சிரிச்சான். சிரிக்கட்டும். அடுத்த வருசமே திண்டுக்கல்லுல இருந்து, மருந்தடிக்காத காய் வேணும்னு இங்க தேடி வந்தாங்க. விவசாயக் கூட்டம்னா முன் வரிசையில எனக்கு நாற்காலி. மச்சினன் கடை வாசல் வழியாத்தான் போவேன், வேணும்னே. அப்ப எனக்கு அப்படி ஒரு மிதப்பு.

சென்னியப்பன் சின்னப்புள்ளையா இருக்கறப்பவே அவங்க அம்மா தவறிப்போச்சு. மைனாதான் அவனை இடுப்புல தூக்கி வளத்துனா. திங்கக்கெழமை சந்தைக்குப் போனா அவன் கடையில ஒரு மணி நேரம் உக்காந்து பேசிட்டுத்தான் வருவா. எங்களுக்குப் புள்ளை இல்ல. கல்யாணமாகிப் பதினாலு வருசம். பாக்காத டாக்டர் இல்ல, சுத்தாத கோயில் இல்ல. அப்புறம் அதைப் பத்திப் பேசறதையே விட்டுட்டோம். யாராவது வளைகாப்புக்குக் கூப்பிட்டா, பாத்திரத்தை மட்டும் குடுத்து விட்டுட்டு அவ தோட்டத்துலயே இருந்துக்குவா.

மூணு வருசத்துக்கு முந்தி, கார்த்திகையில. மோடம் போட்டு நாலு நா வெயிலே இல்ல. அசுவினிக்கு அதுதான் கொண்டாட்டம். ஞாயித்துக்கெழமை காய் பறிக்கணும்கறதால வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை அடிச்சுருவோம். பந்தல்ல அடிக்கறது எப்படின்னு உங்களுக்குத் தெரியும். பூவு தலைக்கு மேல இருக்கு, அண்ணாந்துதான் அடிக்கணும். அடிச்சதுல பாதி நம்ம மேலதான் ஒழுகும். முதுகுல ஸ்பிரேயரு வேற. எங்க ஸ்பிரேயர்ல வாசர் போயிருந்துச்சு, அது தன்பாட்டுக்கு ஒழுகும். மாத்தணும் மாத்தணும்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்.

அந்த வெள்ளிக்கெழமை அடிச்சு முடிச்சுட்டு வந்து வரப்புல உக்காந்து வாந்தி எடுத்தா. தலை சுத்துதுங்கறா. மூஞ்சி வெளுத்துப் போச்சு. மறுநாளும் அப்படியே. ஞாயித்துக்கெழமை தெளிஞ்சிருச்சு. அடுத்த வெள்ளியும் அதே மாதிரி. பக்கத்துத் தோட்டத்துக் கோவிந்தம்மா வந்து, நாடியப் புடிச்சுப் பாக்கறாப்புல புடிச்சுட்டு, "ஏம்புள்ள, எத்தன நா ஆச்சு?"ன்னு கேட்டுச்சு. மைனா வெரல் விட்டு எண்ணுறா. அம்பது நாளைக்கு மேல ஆகியிருந்துச்சு. கோவிந்தம்மா சிரிச்சுட்டு, "மசக்கைடி இது"ன்னுச்சு.

தம்பி, அன்னைக்கு நான் எப்படி இருந்தேன்னு சொல்லத் தெரியல. மோட்டார் ரூமுக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டு அழுதேன். பதினாலு வருசம். மைனா என் கையப் புடிச்சுக்கிட்டா. "யார்கிட்டயும் சொல்லக்கூடாது, சத்தியம் பண்ணுங்க. மூணு மாசம் முடியட்டும். அதுக்கப்புறம் டாக்டர்கிட்டப் போலாம். இப்பவே போயி இல்லைன்னு சொல்லிப்போட்டா என்னால தாங்க முடியாது"ன்னா. சத்தியம் பண்ணிக் குடுத்தேன். பொட்டப்புள்ளையா இருந்தா பேரு நான்தான் வெப்பேன்னா. என்ன பேருடின்னு கேட்டா சொல்ல மாட்டேனுட்டா. கடைசி வரைக்கும் சொல்லல.

வெள்ளிக்கெழமையும் சனிக்கெழமையும் மட்டும் வாந்தி வரும், மத்த நாள்ல அவ்வளவா இருக்காது. "உன் புள்ளைக்கு இப்பவே நாள் கெழமை தெரியுது பாரு, வெள்ளிக்கெழமை விரதம் இருக்குது"ன்னு நான் சொல்லுவேன். அவ சிரிச்சுச் சிரிச்சு இருமலே வந்துரும்.

நான் சும்மா இருந்தேங்கறீங்களா? அப்படித் தாங்குனேன் அவளை. நெல்லிக்கா வாங்கியாந்து குடுத்தேன். தண்ணிக் கொடம் தூக்க விடல. அவ தம்பி கடைப்பக்கமே போகக்கூடாதுன்னு சொல்லிட்டேன். அந்தக் கடைக்குள்ள பத்து நிமிசம் நின்னா நமக்கே தொண்டை எரியும், வயித்துப்புள்ளைக்கு ஆகுமா? மூணு திங்கக்கெழமை அவ போகல. அவன் இங்க வந்துட்டான். "ஏங்க்கா, என் மேல என்ன கோவம்?"னு கேக்கறான். அவ என்ன சொல்லுவா, சத்தியம் இருக்குதே. தலையக் குனிஞ்சுக்கிட்டா. அக்காவை நான்தான் அவன்கிட்ட இருந்து பிரிச்சுட்டேன்னு அன்னைக்கு நெனச்சவன், இன்னைக்கு வரைக்கும் அதையேதான் நெனச்சுட்டிருக்கான். நான் நல்லதுக்குத்தான் பண்ணுனேன். அவன் விஷத்துல இருந்து அவளைக் காப்பாத்தத்தான் பாத்தேன்.

அப்புறம் அந்த வெள்ளிக்கெழமை. மார்கழி பொறந்துருச்சு. ஒட்டன்சத்திரத்துல ஒரு கல்யாண மண்டபத்துல பெரிய கூட்டம், முந்நூறு பேரு, நான்தான் முக்கியப் பேச்சு. காலையில குளிச்சு, வெள்ளை வேட்டி கட்டிட்டு நிக்கறேன். தொட்டிகிட்ட நின்னுக்கிட்டு மைனா சொல்றா, "இன்னைக்கு ஒரு நா விட்டுரலாமுங்களா? எந்திரிச்சதுல இருந்து ஒரு மாதிரி இருக்குது."

நான் பந்தலைப் பாத்தேன். பூவெல்லாம் கறுப்பு. விட்டா ஞாயித்துக்கெழமைக்குள்ள பந்தலே போயிரும். பந்தல் அழிஞ்சு கெடக்கறப்ப நான் போயி ஊருக்கு உபதேசம் பண்ண முடியுமா? அதனால சொன்னேன், "மசக்கைக்காரி படுத்தே கெடக்கக்கூடாது. நடமாடுனாத்தான் சுகப்பிரசவம் ஆகும். எங்க அம்மா என்னைப் பெத்த அன்னைக்குக்கூட களை வெட்டுச்சு"ன்னு. இன்னொண்ணும் சொன்னேன். பூச்சி சாஸ்தியா இருக்கறதால தண்ணி கம்மியா ஊத்திக் காட்டமா அடின்னு சொன்னேன். அவ சரின்னா. அவ எதுக்குத்தான் மாட்டேன்னு சொன்னா.

நீங்க படத்துல பாத்தீங்களே, அது அன்னைக்குப் பேசுனது. மேடையில ஏறுனதுமே பொன்னாடை போத்துனாங்க. பச்சைக் கலரு, சரிகை வெச்சது. ஒருத்தர் எந்திரிச்சு, "அய்யா, உங்க மருந்து மனுசனுக்கு ஒண்ணும் பண்ணாதா?"ன்னு கேட்டாரு. நான் என்ன சொன்னேன்? படத்துல இருக்குதே, "கர்ப்பிணிப் பொம்பள கையால அள்ளி அடிக்கலாம், ஒண்ணும் ஆகாது"ன்னு. கை தட்டுனாங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம், ஆனா எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி, அதான் அப்படி வாயில வந்துருச்சு. போனை அணைச்சு வெச்சிருந்தேன். கோவிந்தம்மா ஒம்பது தடவ கூப்பிட்டிருக்குது.

நான் வந்து சேரறப்ப மணி ரெண்டு இருக்கும். கோவிந்தம்மா அவளை மோட்டார் ரூம் நெழல்ல படுக்க வெச்சிருந்துச்சு. சேலை பூரா ஈரம். வேர்வையா, தண்ணியா, ஒழுகுன மருந்தான்னு யாரு பாத்தா. வாயில எச்சில் நிக்காம வடியுது. கை காலெல்லாம் வெட வெடன்னு நடுங்குது. குளிருதுங்கறா. நான் என்ன பண்ணுவேன்? என் தோள்ல கெடந்த பொன்னாடைய எடுத்து, அந்த ஈரச் சேலைக்கு மேலயே இறுக்கிச் சுத்துனேன். நல்லாச் சுத்துனேன், காத்துப் போகாத மாதிரி. ஒரு டெம்போவப் புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன், கோவிந்தம்மா பின்னால வர்றேன்னுச்சு.

என் மடியிலதான் தல வெச்சிருந்தா. பாதி வழியில கண்ணத் தொறந்து, "புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதில்லைங்க?"ன்னு கேட்டா. "ஒண்ணும் ஆகாது, நம்ம மருந்துதானே"ன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவ பேசல.

ஆஸ்பத்திரியில ஒரு சின்ன வயசு டாக்டரு. நல்ல மனுசன்தான். "தோட்டத்துல பூச்சிமருந்து, விஷம் ஏதாச்சும் அடிச்சாங்களா?"ன்னு கேட்டாரு. "விஷத்துக்கு எங்க தோட்டத்துல எடமே இல்லைங்க, நாங்க இயற்கை விவசாயம்"னு சொன்னேன். உண்மையத்தானே சொன்னேன்? அவரு கண்ணுக்குள்ள லைட்டு அடிச்சுப் பாத்துட்டு மறுபடியும் வந்து கேட்டாரு. அதுக்குள்ள சென்னியப்பன் வந்துட்டான். கடையப் போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கான், செருப்புக்கூட இல்ல. டாக்டரு கேட்டதுக்கு நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவனே சொன்னான், "இல்லைங்க டாக்டர். மாமா விஷத்தைத் தொடவே மாட்டாரு. இந்தத் தாலூக்காவுக்கே தெரியும்"னு. பதினாலு வருசத்துல அவன் என்னைப் பத்தி நல்லதாச் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான்.

நாலரைக்கு மேல கோவிந்தம்மா மாத்துச் சேலை எடுத்துக்கிட்டு பஸ்ஸு புடிச்சு வந்துச்சு. அது வந்து நர்ஸம்மாகிட்ட, காலையில இருந்து புகையிலைத் தண்ணி அடிச்சாங்கன்னு சொன்னதுந்தான் ஓட்டமும் சாட்டமுமா ஆனாங்க. சேலைய அவுத்துச் சோப்புப் போட்டுக் கழுவுனாங்க. முதுகு பூராச் செவப்பா ஊறியிருந்துச்சாம். ஊசி போட்டாங்க, குழாய் வெச்சாங்க. ஆறு மணிக்கு முடிஞ்சு போச்சு. அந்த டாக்டரு வெளிய வந்து, தோல் வழியா ஒடம்புக்குள்ள எறங்கிருச்சு, வாரா வாரம் எறங்கியிருக்குதுன்னு சொன்னாரு. வயித்துல புள்ளையெல்லாம் ஒண்ணுமில்லைன்னும் சொன்னாரு. வாந்தியெல்லாம் அந்தத் தண்ணியாலதானாம். நாள் தள்ளுனது வயசாலயும் இருக்கலாம்னாரு.

அது மைனாவுக்குத் தெரியாது தம்பி. அந்த மட்டுக்கும் நல்லது. அவ புள்ளத்தாச்சியாத்தான் போனா.

அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல சென்னியப்பன் என் சட்டையப் புடிச்சான். "எங்கக்காவ மாடாட்டம் வேல வாங்கிக் கொன்னுட்டியே"ன்னான். மாமான்னு கூப்பிட்டவன் நீ, வா, போன்னு பேசுனான். எழவுக்கு வந்தவன் என் மூஞ்சியப் பாக்காம மண்ணுத் தள்ளிட்டுப் போயிட்டான். நான் கேக்கறேன், நான் அடிச்சனா? திட்டுனனா? பதினாலு வருசத்துல கை நீட்டியிருக்கனா? கட்டாயப்படுத்துனனா? இலைதானே அது, ஊருல பாதிப் பேரு வாயில அடக்கிக்கிட்டுத்தானே திரியறாங்க. அவங்கெல்லாமா செத்துப் போனாங்க? அந்த ஆஸ்பத்திரியிலதான் வந்ததுமே கழுவியிருக்கலாமில்ல? நான் படிக்காதவன், எனக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்க, நான் கொலகாரனா?

நீங்க பதில் சொல்ல வேண்டாம். சங்கடமா இருக்கும். பந்தல் எங்கன்னு பாக்கறீங்களா? பிரிச்சுப் போட்டுட்டேன். இப்ப மாட்டுச் சோளந்தான். அதுக்கு மருந்தே வேண்டாம்.

சரி, நீங்க வந்த வேலையப் பாப்போம். எழுதிக்கறீங்களா? எழுதிக்கங்க. காய்ஞ்ச காம்பா இருந்தா ஒரு கிலோவுக்கு... இருங்க. உங்க பந்தல் எத்தன அடி? ஆறடியா. ஸ்பிரேயரு பேட்டரியா, கையால அடிக்கறதா? கையா. நீங்கதானே அடிப்பீங்க? ஓ, நீங்க மில்லு வேலைக்குப் போயிருவீங்களா. அப்ப யாரு, வீட்டுலயா?

தம்பி, அந்தப் பேனாவக் கொஞ்சம் கீழ வைங்க.

ஒண்ணை விட்டுட்டுச் சொன்னேன் உங்ககிட்ட. இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. சென்னியப்பனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அவன் சட்டையோட விட்டிருக்க மாட்டான்.

டாக்டரு ரெண்டு தடவ கேட்டாரா, முதத் தடவ நான் இல்லைன்னேன், ரெண்டாந் தடவ சென்னியப்பன் சொன்னதுக்குத் தலைய ஆட்டுனேன். அது ரெண்டும் நான் மனசார நம்பித்தான். சாமி சத்தியமாச் சொல்றேன். ஆனா மூணாவதா ஒருத்தங்க கேட்டாங்க. சென்னியப்பன் டீ வாங்கப் போயிருந்தான். அந்த நர்ஸம்மா பொன்னாடைய வெலக்கி மோந்து பாத்துட்டு, "என்னங்க, புகையிலை வாசம் இவ்வளவு அடிக்குது?"ன்னு கேட்டாங்க.

அவங்க அப்படிக் கேட்ட அந்த நிமிசம் எனக்குத் தெரிஞ்சு போச்சு.  வெள்ளிக்கெழமை, சனிக்கெழமை, வாந்தி, எல்லாம் ஒண்ணா வந்து நின்னுச்சு. சொல்லியிருக்கலாம். பக்கத்துல யாரும் இல்ல. ஆனா சென்னியப்பன் டீயோட வந்துருவான். இப்பத்தான் அவன் வாயால, மாமா விஷத்தத் தொட மாட்டாருன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். முந்நூறு பேரு கை தட்டி அஞ்சு மணி நேரம்கூட ஆகல. அவன் வந்து, உங்க தண்ணியா மாமான்னு கேட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கறது?

"அவ வெத்தல போடுவாங்க. புகையிலையும் சேத்துத்தான்"னு சொன்னேன்.

மைனா பொறந்ததுல இருந்து ஒரு வெத்தலைய வாயில வெச்சதில்ல தம்பி. கிடங்குல காம்பு உருவறப்பகூட முந்தானையால மூக்கக் கட்டிக்குவா. நர்ஸம்மா தலைய ஆட்டிட்டு அதைச் சீட்டுல எழுதிக்கிட்டாங்க. புகையிலைப் பழக்கம் உண்டுன்னு. அந்தச் சீட்டு இன்னும் அங்கதான் எங்கயாவது இருக்கும். நான் பொன்னாடைய மறுபடியும் இழுத்துப் போத்தி விட்டேன்.

கோவிந்தம்மா வந்து சேர்றதுக்கு ஒன்றரை மணி நேரம் ஆச்சு. அந்த ஒன்றரை மணி நேரமும் நான் அவ பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன், கையப் புடிச்சுக்கிட்டு. டாக்டரு அப்புறமா என்னைத் தனியாக் கூப்பிட்டு, "இன்னும் கொஞ்சம் முன்னால தெரிஞ்சிருந்தா ஒருவேளை காப்பாத்தியிருக்கலாங்க"ன்னாரு. நான் தெரியாதவனாட்டம் தலைய ஆட்டுனேன்.

மருந்துக்கடைக்காரன் விக்கற டப்பாவுல மண்டையோடாவது போட்டிருக்குது.

சரி, பேனாவ எடுங்க. அளவு சொல்றேன். நான் சொல்லாட்டி வேற எவனாவது சொல்லத்தான் போறான். நீங்களே அடிங்க, லீவு நாள்ல. மழைக்கோட்டு போட்டுக்கங்க, தலையில தொப்பி வெச்சுக்கங்க, கையுறை மாட்டிக்கங்க. அடிச்சதும் குளிங்க. வீட்டுக்காரம்மாவப் பந்தல் பக்கமே விடாதீங்க, பெசையவும் விடாதீங்க. அதையும் மீறி ஒருநா அவங்களுக்குத் தலை சுத்துனா, வாந்தி வந்தா, நல்ல சேதின்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்காதீங்க. துணிய அவுத்துப் போட்டுக் கழுவி விட்டு, உடனே கூட்டிட்டுப் போங்க. அங்க டாக்டரு கேப்பாரு. கேட்டா, இலைத் தண்ணி, இயற்கை, அது இதுன்னு பேசாதீங்க. விஷம் அடிச்சோம்னு சொல்லுங்க. பக்கத்துல யாரு நின்னாலும் சொல்லிருங்க தம்பி.